எங்கட கிணத்தைப் பற்றி ஆர் கதைக்கப் போகினம்?

தங்கச்சி பிள்ளை பெத்து வீட்டை வந்து ஒரு கிழமை ஆகுது. முந்தநாள் காலமை மிட்வைஃப் அக்கா பாக்க வந்தவ. பிள்ளையை நிறுத்து, கொப்பூழைப் பாத்து, கொப்பியில எழுதிப்போட்டு வெளிக்கிடேக்க முத்தத்தில நிண்டு எங்கட கிணத்தைப் பாத்தவ. "குடிக்கிறது இந்தத் தண்ணியோ?" எண்டு கேட்டவ. இல்லை அக்கா, குடிக்கிறது கேனில வாங்கிற தண்ணி, குளிக்கத் தோய்க்கத்தான் கிணறு எண்டு நான் சொன்னனான். "தாய்ப்பால் காணும் இப்ப. ஆனா எப்பவாவது மாப்பால் கரைக்க வேண்டி வந்தா இதில மட்டும் கரைச்சுப் போடாதேங்கோ, கொதிக்க வச்சாலும் இதில இருக்கிறது போகாது" எண்டு சொல்லிப்போட்டு ஸ்கூட்டியில ஏறிப் போட்டா.

அம்மா ஒண்டும் கதைக்கேல்ல. கிணத்தடிக்குப் போய் வாளியைக் கவிட்டு வச்சுப்போட்டு அதுக்கு மேல கையை ஊண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டவ. அந்தக் கிணறு அப்பப்பா வெட்டினது. மேல கொஞ்சம் செம்மண், அதுக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, அலவாங்காலயும் வெடியாலயும் உடைச்சு உடைச்சு இறக்கினதாம். எங்கள் மூண்டு பேரையும் வளத்தது அந்தத் தண்ணிதான். 1995 ஒக்ரோபர் கடைசியில சண்டையால யாழ்ப்பாணத்தில எங்கட வலிகாமப் பக்கம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்து போகேக்க, அம்மா வீட்டைப் பூட்ட முதல் கடைசியாச் செய்த வேலை ஒரு போத்திலுக்குத் தண்ணி அள்ளினது. அடுத்த வருசம் திரும்பி வந்து முதல் செய்த வேலை கிணறு இறைச்சது. அப்பிடிப்பட்ட மனிசியைப் பாத்து உங்கட தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ எண்டு சொல்ல வேண்டி வந்திருக்கு. மிட்வைஃப் அக்காவில பிழை இல்லை, அவ சொன்னது சரி.

அண்டு பின்னேரம் எனக்கு வட்ஸ்அப்பில ஒரு வீடியோ வந்தது. எங்கட பிரதிநிதிகளும் அதிகாரிகளும் இருந்த ஒரு கூட்டம். எந்தக் கூட்டம், ஆர் ஆர் எண்டு இஞ்ச எழுதேல்ல, ஏனெண்டால் ஒருத்தரைச் சொன்னால் மற்றவை தப்பிப் போடுவினம், இது ஒரு ஆளின்ர பிரச்சினையும் இல்லை. அந்த வீடியோவில ஒருத்தர் மற்றவரைப் பாத்து "நீ" எண்டு சொல்லிப்போட்டார். அதில தொடங்கினது. நீ எண்டு ஆரைச் சொன்னனீர், மரியாதையாக் கதையும், நீர் முதல் இரும், நான் மக்களால தெரிவு செய்யப்பட்டு வந்தனான், நானும் அப்பிடித்தான் வந்தனான். மேசையில அடி. ஒருத்தர் எழும்பி வெளியில போக மற்றவர் திரும்பிக் கூப்பிடுறார். பின்னால வரிசையா இருக்கிற அதிகாரிகள் பைலைப் பாத்துக்கொண்டு குனிஞ்சபடி. அதில ஒரு அம்மா கையில கட்டுக் கடதாசியோட எழும்பிறதும் இருக்கிறதுமா நிண்டவ, கடைசி மட்டும் அவவைக் கதைக்க விடேல்ல. அந்தக் கடதாசியில என்ன இருந்தது எண்டு எனக்கு இண்டைக்கும் மனசுக்குள்ள கிடந்து அரிக்குது.

எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்லை. ராத்திரி முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்திட்டுத்தான் இதை எழுதிறன்.

2024 நவம்பரை யோசிச்சுப் பாருங்கோ. 14ஆம் திகதி தேர்தல். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு பேர், மூண்டு பேர் ஆளும் கட்சி, மூண்டு பேர் மற்றப் பக்கம். 21ஆம் திகதி புதுப் பாராளுமன்றம் கூடின முதல் நாளே எங்கட மாவட்டத்தில இருந்து போன ஒரு உறுப்பினர் எதிர்க்கட்சித் தலைவரின்ர கதிரையில இருந்திட்டார், எழும்பச் சொல்ல எழும்ப மாட்டன் எண்டவர், அது தான் அண்டைக்கு நாடு முழுக்கச் செய்தி. சரியா ஒரு கிழமைக்குள்ள புயல் மழை. எங்கட ஒழுங்கை முழங்கால் அளவு தண்ணி. வெள்ளம் கிணத்துக் கட்டுக்கு மேலால ஏறி உள்ளுக்குப் போச்சுது. கக்கூசுக் குழி நிரம்பினது, பக்கத்து வளவு மாட்டுக் கொட்டில் கழுவின தண்ணி, எல்லாம் கலந்து தான் உள்ளுக்குப் போனது. டிசம்பரில எலிக்காய்ச்சல். யாழ்ப்பாணத்திலயும் பருத்தித்துறைப் பக்கமும் சனம் காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரேல்ல, வேலைக்குப் போற வயசு ஆக்கள். பி.எச்.ஐ. ஐயா, சுகாதாரப் பரிசோதகர் ஒருத்தர், சேட்டு நனைய நனைய வீடு வீடா வந்து கிணத்துக்குள்ள குளோரின் போட்டவர். அந்தக் கிழமை பேஸ்புக்கில நான் பாத்தது முழுக்க அப்பவும் அந்தக் கதிரைக் கதைதான், அதுக்கு ஒரு கூட்டம் கை தட்ட இன்னொரு கூட்டம் தூசணத்தால பேச, குளோரின் வாளியோட திரிஞ்ச மனிசனைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி போடேல்ல.

தண்ணிப் பிரச்சினை எண்டு சொன்னா வெளியூர் ஆக்கள் வரட்சி எண்டு நினைப்பினம். அது இல்லை. எங்களுக்கு ஆறு இல்லை, வழுக்கையாறு எண்டு ஒண்டு இருக்கு, அதுவும் மாரியில மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூண்டு மாசத்தில பெய்யிற மழை தான் பெரும்பங்கு, அது சுண்ணாம்புக்கல்லு வெடிப்புகளுக்குள்ளால இறங்கி அடியில தேங்கும், அதுக்கும் கீழ கடல்தண்ணி. நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. நிலாவரைக் கிணத்துக்குச் சின்னனில பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போகேக்க ரீச்சர் சொல்லித் தந்தவ, மேல நல்ல தண்ணி, கீழ போகப் போக உவர் எண்டு. துலாவால அள்ளின காலத்தில மேல இருக்கிறதைத்தான் அள்ளினது. இப்ப மோட்டர். கூட இறைக்க இறைக்கக் கீழ கிடக்கிற உப்பு ஏறும்.

உப்பு ஒரு பக்கம். மற்றது நைத்திரேற்று. மிட்வைஃப் அக்கா சொன்னது அதைத்தான். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் போடுற யூரியா, செம்மண்ணால வடிஞ்சு கல்லு வெடிப்புக்குள்ளால நேர கீழ போகுது, இடையில வடிகட்ட ஒண்டும் இல்லை. அதோட கக்கூசுக் குழி. அப்பப்பாவின்ர காலத்தில பதினாறு பரப்பு வளவில ஒரு மூலையில கிணறு, மற்ற மூலையில கக்கூசு. பிறகு அது பிள்ளையளுக்குப் பிரிச்சு, சீதனத்துக்குக் குடுத்து, அறுதி எழுதி, இப்ப எங்களிட்ட இருக்கிறது ரெண்டு பரப்பு. எங்கட குழி கிணத்தில இருந்து தள்ளித்தான் இருக்கு, ஆனா மதிலுக்கு அங்கால பக்கத்து வீட்டு மாமியின்ர குழி எங்கட கிணத்துக்குக் கிட்ட, எங்கட குழி அவவின்ர கிணத்துக்குக் கிட்ட. ரெண்டு வீடும் சண்டை பிடிச்சு என்ன பிரயோசனம், ரெண்டு பேருக்கும் வேற இடம் இல்லை. நகரத்தில கூட முழு ஊருக்குமான கழிவுநீர்த் திட்டம் எண்டு ஒண்டு இல்லை, பிறகு எங்கட பக்கத்துக்கு எங்க.

குடிக்கிற தண்ணியில நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த அளவே கைக்குழந்தையளை நினைச்சுத்தான் வச்சது, கூடினால் பச்சப் பிள்ளையின்ர ரத்தத்தில ஒட்சிசன் போறது குறைஞ்சு உடம்பு நீலம் பாரிக்கும். காய்ச்சினால் தண்ணி வத்தும், நைத்திரேற்று அப்பிடியே கிடக்கும், சொல்லப்போனா இன்னும் கூடும். தங்கச்சி வயித்தில பிள்ளையோட இருக்கேக்க நான் எங்கட தண்ணியைப் போத்தில்ல எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்கக் குடுத்தனான். அளவைத் தாண்டித்தான் வந்தது. அந்தத் துண்டு இப்பவும் ஃபிரிட்ஜ் கதவில கிடக்கு.

சரி, உதெல்லாம் ஆருக்கும் தெரியாத விசயமோ? பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிற ஆக்கள் எத்தினையோ வருசமா எழுதிக்கொண்டுதான் இருக்கினம். 2014 கடைசியிலயும் 2015 தொடக்கத்திலயும் சுன்னாகத்தில மின்சாரம் தயாரிச்ச ஒரு கொம்பனியின்ர கழிவெண்ணெய் கிணறுகளில கலந்திட்டுது எண்டு சனம் றோட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையளும் வந்து இருந்ததுகள். எங்கட கிணத்தில எண்ணெய் இல்லை எண்டுதான் சொல்லிச்சினம், ஆனா அம்மா அண்டில இருந்து குடிக்க விடேல்ல, சந்தியில வச்ச கறுத்த ராங்கியில பவுசர் வந்து தண்ணி ஊத்த நாங்கள் குடத்தோட போய் நிண்டனாங்கள். அப்ப வட மாகாண சபை இருந்தது. சபையில எண்ணெய் இருக்கோ இல்லையோ எண்டதிலயே ரெண்டு பட்டு, ஒரு குழு போட்டு, குழுவின்ர அறிக்கையை நம்பலாமோ எண்டு பேந்தும் ஒரு வாக்குவாதம். வழக்கை உயர் நீதிமன்றம் மட்டும் கொண்டு போனது ரவீந்திர காரியவசம் எண்ட சூழல் ஆர்வலர். 2019 ஏப்ரலில தீர்ப்பு வந்தது, மின்சாரம் தயாரிச்ச அந்தக் கொம்பனி ரெண்டு கோடி ரூபா கட்ட வேணும், பாதிக்கப்பட்டவைக்குக் கிணறு துப்பரவாக்க ஆளுக்கு நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேல போகாமல் பிரிச்சுக் குடுக்க வேணும் எண்டு. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பின ஆக்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி மனிசன் நாலு வருசம் கோட்டுக்கு ஏறி இறங்கிச் செய்தவர்.

அந்த மாகாண சபையைப் பற்றியும் சொல்ல வேணும். 2013 செப்ரெம்பர் 21ஆம் திகதி வாக்குப் போடப் போன நாள், விடிய வெள்ளன வரிசை, அம்மாச்சியைக் கதிரையில வச்சுத் தூக்கிக்கொண்டு போனனாங்கள், எங்களுக்கெண்டு ஒரு சபை எண்டு அவ்வளவு சந்தோசம். 38 இடத்தில 30 எங்கட ஆக்களுக்கு. அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தீர்மானம் தீர்மானமா நிறைவேத்திச்சினம், சிலது நிறைவேத்தத்தான் வேணும், எங்கட சனத்துக்கு நடந்ததை எழுதி வைக்க வேணும் எண்டதில எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனா நியதிச்சட்டம்? உள்ளூராட்சி, விவசாயம், மாகாணத்துக்குள்ள சூழல் பாதுகாப்பு எல்லாத்துக்கும் சட்டம் செய்யக் கொஞ்சமாவது அதிகாரம் இருந்த இடம் அது. குழாய்க்கிணறு ஆர் எங்க அடிக்கலாம், எவ்வளவு இறைக்கலாம், குழி எப்பிடிக் கட்ட வேணும் எண்டதை எல்லாம் இருந்து கதைச்சிருக்க வேண்டிய காலத்தில, 2017 யூனில ஒரே கட்சிக்காரர் தங்கட முதலமைச்சருக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தூக்கிக்கொண்டு ஆளுநரிட்ட போனவை.

2018 ஒக்ரோபரில அந்தச் சபையின்ர காலம் முடிஞ்சுது. அதோட சரி, பேந்து தேர்தல் இல்லை. ஏன் இல்லை எண்டு கேட்டால் அதுவும் பாராளுமன்றத்தில செய்த வேலைதான். 2017ல தேர்தல் முறையை மாத்திச் சட்டம் கொண்டு வந்தவை. அதுக்குத் தொகுதி பிரிச்சு ஒரு அறிக்கை. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அந்த அறிக்கையை வாக்கெடுப்புக்கு விட்டினம், ஆதரவா ஒரு வாக்கும் இல்லை, எதிரா 139. கொண்டு வந்த அமைச்சரே எதிரா வாக்குப் போட்டவர். பிறகு பிரதமர் தலைமையில ஒரு மீளாய்வுக் குழு, ரெண்டு மாசத்தில அறிக்கை தர வேணும் எண்டு. தரேல்ல. பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை, நடுவில தொங்குது. வடக்கு மட்டும் இல்லை, ஒன்பது மாகாணமும் இப்பிடித்தான் ஆளுநரின்ர கையில போனது. 139 பேர் கை தூக்கி ஒரு விசயத்தை விழுத்த ஏலும் எண்டால் அதே ஆக்களால ஒரு சின்னத் திருத்தம் கொண்டு வந்து அதைத் திருப்பி நிமித்தவும் ஏலும் தானே. ஏலும். ஏனெண்டால் செய்த ஆக்களைக் கண்டிருக்கிறம். கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடித் தொழிலைத் தடை செய்ய வேணும் எண்டு எங்கட மீனவர் கத்திக்கொண்டிருந்த நேரம், அப்ப எங்கட மாவட்ட எம்.பி.யா இருந்த சுமந்திரன் தனி உறுப்பினர் சட்டமூலமா அதைக் கொண்டு வந்து 2017 யூலையில பாராளுமன்றத்தில நிறைவேறினது. அவரின்ர மற்ற அரசியலில எனக்கு ஆயிரம் கேள்வி இருக்கு. ஆனா ஒரு தனி உறுப்பினர் இருந்து எழுதி, வாதாடி, மற்றக் கட்சிக்காரரின்ர வாக்கையும் வாங்கி ஒரு சட்டத்தை மாத்தலாம் எண்டதுக்கு அது சாட்சி. இந்தியப் படகுகள் வாறது அதோட நிண்டு போகேல்ல, அது வேற கதை, அதுக்கும் ஆராவது இப்பிடி இருந்து வேலை செய்ய வேணும்.

2025 சனவரியில இந்தியா கட்டித் தந்த கலாசார மண்டபத்துக்குத் திருவள்ளுவர் பேர் வச்சதும் யாழ்ப்பாணம் எண்ட பேர் இல்லாமல் போச்சு எண்டு பெரிய பிரச்சினை வந்தது. எனக்கும் கோவம் வந்தது, பேர் முக்கியம், எங்கட ஊரின்ர பேர் எங்கட கட்டடத்தில இருக்கத்தான் வேணும். ஒரு சில நாளில யாழ்ப்பாணத்தையும் சேர்த்து மாத்திச்சினம். பாருங்கோ, எல்லாரும் ஒரே குரலில கேட்டால் நாள் கணக்கில நடக்குது. அறிக்கை விட்டவை, பேட்டி குடுத்தவை, ஒருத்தரும் மற்றவருக்கு முதல் கதைக்காமல் விடேல்ல. அதே ஆக்கள் அதே வேகத்தில ஒரு கிழமை, ஒரே ஒரு கிழமை, கிணத்துத் தண்ணிக்காக நிண்டிருந்தால் எண்டு யோசிக்கேக்க எனக்கு நெஞ்சடைக்குது.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணி எங்களுக்கு வரும் எண்டு எத்தினை வருசம் சொன்னவை. கிளிநொச்சி விவசாயி தன்ர வயலுக்குக் காணாது எண்டு மறிச்சவர், அவரின்ர பக்கம் நியாயம் இருக்கு. இஞ்ச இருக்கிறவைக்கும் நியாயம் இருக்கு. ரெண்டையும் வச்சுக் கதைச்சு ஒரு முடிவுக்கு வர வேண்டியவை அந்தந்த ஊருக்குப் போகேக்க அந்தந்த ஊருக்குப் பிடிச்ச மாதிரிக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சவை. கடைசியில தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற திட்டம், ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர், 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறந்தவை. நல்ல விசயம், உண்மையா நல்ல விசயம். குழாய் எங்கட ஒழுங்கை முகப்பு மட்டும் வந்து நிக்குது. எப்ப உள்ளுக்கு வரும் எண்டு கேட்டுப் போனால் ஒரு மேசையில இருந்து மற்ற மேசைக்கு அனுப்பினம், மூண்டாந்தரம் போனபோது அந்தப் பைல் இருந்த அலுமாரியின்ர திறப்பு லீவில நிக்கிற ஆளிட்ட.

அண்ணாவோட இதைப் பற்றிக் கதைக்க அவர் ஒரு கதை சொன்னவர். "நீ அவையில பிழை சொல்லுறாய், ஆனா அந்த வீடியோவை எத்தினை பேர் பாத்திருக்கினம் எண்டு பார். தண்ணியைப் பற்றி ஒருத்தர் பாராளுமன்றத்தில பத்து நிமிசம் கதைச்சது உனக்குத் தெரியுமோ?" எண்டு. எனக்குத் தெரியாது. தேடிப் பாத்தன், சில பேர் இடைக்கிடை கதைச்சிருக்கினம், இல்லையெண்டு சொல்லேலாது, அதை ஒருத்தரும் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு அனுப்பேல்ல. நானும் அனுப்பேல்ல. அண்ணா சொன்னது சரி, அந்தப் பங்கு எங்களில இருக்கு. ஆனா பாக்கிறவை எதைப் பாக்கினம் எண்டு பாத்துத் தங்கட வேலையைத் தீர்மானிக்கிறதுக்கோ நாங்கள் அவையை அனுப்பினது? ஒரு வைத்தியர் நோயாளி கைதட்டுவார் எண்டு மருந்தை மாத்தி எழுதினால் சும்மா விடுவமோ?

நான் அரசியல்வாதி இல்லை, ஒரு கட்சிக்கும் வேலை செய்யிற ஆளும் இல்லை. ஆனா எனக்கு எழுதத் தெரியும். நேற்று ராத்திரி எங்கட மாவட்ட எம்.பி.மார் ஆறு பேருக்கும் ஆறு கடிதம் எழுதினனான், ஒரே கடிதம், பேரை மட்டும் மாத்தி. ஃபிரிட்ஜ் கதவில கிடந்த துண்டைப் போட்டோக்கொப்பி அடிச்சு ஒவ்வொண்டோடயும் வச்சிருக்கிறன். முதல் கேள்வி, வலிகாமத்தில பச்சப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக் கிணறுகளைச் செலவில்லாமல் பரிசோதிச்சுக் குடுக்கச் சொல்லி இந்த ஆண்டு வரவு செலவுத் திட்ட விவாதத்தில கேப்பியளோ? பிறகு, தாளையடிக் குழாய் எந்த ஒழுங்கைக்கு எந்த மாசம் வரும் எண்ட அட்டவணையைச் சபையில வாய்மூலக் கேள்வியாக் கேட்டு பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில வர வைப்பியளோ? கடைசியா, மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை நிமித்த நீங்கள் ஆறு பேரும் கட்சி பாக்காமல் ஒரு மேசையில இருப்பியளோ? ஓம் இல்லை எண்டு பதில் போட்டாலும் காணும் எண்டு எழுதியிருக்கிறன்.

அம்மா பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு பக்கத்தில இருந்து பாத்தவ. சண்டைக்காரருக்கு எழுதி என்ன வரப்போகுது எண்டு முதல் சொன்னவ. பிறகு தானே ஆறு கடித உறையையும் எடுத்து ஒட்டினவ. ஒண்டில என்ர கையெழுத்து விளங்கேல்லையாம், முகவரியை வடிவா எழுது பிள்ளை எண்டு திருப்பித் தந்தவ. திருப்பி எழுதிக் குடுத்தனான். தபாற்கந்தோர் திறந்த உடன போய்ப் பதிவுத் தபாலில போடப் போறன், பதில் வந்தால் வந்தபடியே இஞ்ச போடுவன்.